அக்காவுக்கு மூன்று நாள், மூன்று தீவு

என் அக்கா பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த அளவை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேர் சிரிக்கவும் மெல்லவும் வேண்டிய பற்களை ஒரு மாடிக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து செய்வார்கள். ஆறு பேரில் இவள் இரண்டாவது மூத்தவள். பத்தொன்பது வருடமாக ஜன்னலோர மேஜை இவளுடையது.

கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. பக்கவாட்டுப் படியில் ஏறும்போதே உருகிய மெழுகும் ஈரப் பிளாஸ்டரும் கலந்த வாசனை வரும். ஒவ்வொரு வேலையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வந்து சேரும். தட்டில் பிளாஸ்டர் அச்சு, கூடவே ஒரு சீட்டு. ‘பெண், 58, மேல் வரிசை முழுவதும்’ என்று எழுதி, பல்லின் நிறத்துக்கு ஒரு எண் போட்டிருக்கும். பெயர் இருக்காது, முகம் இருக்காது. அக்கா மெழுகில் ஈறு செய்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல் கீழ் அச்சுகளைக் கடிக்க வைத்துப் பார்த்து, தேய்த்து, மெருகேற்றி அதே தட்டில் திருப்பி அனுப்புவாள். எத்தனை வாய்க்குப் பல் செய்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. அதில் ஒரு வாயைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அதனாலோ என்னவோ, கண்ணில் படுகிற வாயையெல்லாம் பார்ப்பாள். டிவியில் செய்தி ஓடும்போது நாட்டு நடப்பு அவள் காதில் ஏறாது. “கீழ முன்பல்லு ரெண்டும் போட்டது. நல்லா செஞ்சிருக்கான்,” என்பாள். கல்யாணப் பேச்சு வந்த ஒருவரைப் பற்றி, “மனுஷன் தங்கம். ஆனா முன்பல்லு ஒண்ணு வேற நிறம். காலம் பூரா அதையே பார்த்துக்கிட்டு இருக்க முடியாது,” என்று சொல்லி அனுப்பியதாக வீட்டில் ஒரு கதை உண்டு. அது முழுக்கதை இல்லை. அப்போதுதான் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம்.

இருபத்திரண்டு வயதில் நான் கிளம்பிப் போய்விட்டேன். ஏழு வருடம். விடுதிகளில் பாத்திரம் கழுவினேன், தோட்டங்களில் பழம் பறித்தேன், எனக்கே பாதி தெரிந்த மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு ஊரில் மூன்று மாதம் தாண்டினால் கால் அரிக்கும். போன இடமெல்லாம் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பனி மலை, பாலைவனம், எரிமலை வாய். எல்லாவற்றுக்கும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: சாப்பிட்டியா.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு பையோடு திரும்பி வந்தேன். வந்தவள், அக்காவின் மூன்று நாள் டூர் ஒன்றின் மேல் பொறாமைப்பட்டேன். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை.

அந்த டூரின் துண்டுக் காகிதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. மூன்று நாள், மூன்று தீவு, படகு, உணவு, தங்குமிடம் எல்லாம் அடக்கம். அக்காவும் அவளுடைய பக்கத்து மேஜைக்காரியும் எட்டு மாதத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்தார்கள். பக்கத்து மேஜைக்காரிக்கு எல்லோரும் வைத்த பெயர் மெழுகு. கூடத்தில் மெழுகு வேலை முக்கால்வாசி அவளுடையது. அக்கா தினமும் சாப்பிடும்போது அந்தக் காகிதத்தைப் படிப்பாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

“மூணாவது தீவுல ஒண்ணேகால் மணி நேரம்தான் குடுத்திருக்கான்,” என்றாள் ஒருநாள்.

“வீட்டுப் பாடம் குடுக்கலையா?” என்றேன் நான். “கொடி பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் முன்னாடி போவான். நீங்க எல்லாம் வாத்துக் கூட்டம் மாதிரி பின்னாடி போவீங்க. அதுக்குப் பேரு ஊர் பார்க்கிறதா?”

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உனக்கு வாய் நீளம்டி.”

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். எனக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். ஒரு இடத்துக்குப் போவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே இத்தனை சந்தோஷப்பட எனக்கு ஒருதடவையும் வந்ததில்லை. நான் போன இடங்களில், போய் இறங்கிய அன்றே அடுத்த இடத்தைத் தேடத் தொடங்கிவிடுவேன். இவளுக்கு ஒரு காகிதம் போதுமாக இருந்தது.

கிளம்புவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது கூடத்துப் படியில் மெழுகு வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, “என் சீட்ட சின்னவளுக்குக் குடுத்துடு. சும்மா ஏன் காலியா போகணும்?” என்றாள்.

அக்கா கசப்பு மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கியவள் மாதிரி இருந்தாள். “அவளுக்கு இதெல்லாம் சரிப்படாது.”

“நான் வரேன்,” என்றேன். ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. இவள் எதைப் பார்த்து அப்படி மலரப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது.

அக்கா காபி போட உள்ளே போனாள். மெழுகு கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“உன் போட்டோ வரும்போதெல்லாம் உங்க அக்கா என்ன செய்வான்னு தெரியுமா? ஒரு நிமிஷம் பார்ப்பா. அப்புறம் போனைக் கவுத்து வச்சுட்டு வேலை செய்வா. அன்னிக்கு முழுசும் பேச மாட்டா.”

“என்கிட்ட சொன்னதே இல்லையே.”

“எப்படிச் சொல்லுவா? தங்கச்சி மேல பொறாமைன்னு சொல்லுவாளா? இத பாரு. அவளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நீ பார்க்காத ஒண்ண அவ பார்க்கணும். சின்னதா இருந்தாலும் சரி. நீ கூடப் போய் அதையும் கெடுத்துடாத.”

அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நிபந்தனை போட்டாள். “வர்றதுன்னா வா. ஆனா அங்க எதையாவது பார்த்துட்டு, இதவிடப் பெருசா நான் அங்க பார்த்தேன்னு ஒரு தடவ சொன்னாலும் அடுத்த படகுல ஏத்தி அனுப்பிடுவேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“பார்ப்போம்.”

அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சித்தி வந்து சேர்ந்தாள். நாங்கள் கிளம்பினோம்.

படகுத்துறையில் முப்பத்தோரு பேர் இருந்தோம். டூர் நடத்துகிறவர் நாற்பது வயது மனிதர், கழுத்தில் விசில்; அதுவே எங்களுக்கு அவர் பெயராகிவிட்டது. கொடி இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆளுக்கொரு எண் வட்டம் கொடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார். அக்கா பதினான்கு, நான் பதினைந்து. என் எண் மெழுகுக்கு வந்திருக்க வேண்டியது. அக்கா புது கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். அவள் பையில் மழைக் கோட்டு, குமட்டல் மாத்திரை, பிஸ்கட், ஊசி நூல், மூன்று நாளுக்கு எட்டு ஜோடி சாக்ஸ் எல்லாம் இருந்தன. என் பை அவளுடையதில் கால்வாசி. அதில் எனக்கு ஒரு கர்வம். அதை யாரும் கவனிக்கவில்லை.

படகு கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் அக்காவைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர் சீட்டில் இருந்தவரிடம் இவள் சாதாரணமாக, “நீங்க தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவரு,” என்றாள். அவர் இல்லை என்றார். அவர் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள்.

“பதினெட்டு வருஷமா சொல்றேன், நம்ப மாட்டேங்கிறாரு. உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

“கோரைப் பல்லு நுனி தேஞ்சிருக்கு. பார்த்தாலே தெரியும்.”

“பக்கத்துல படுத்துப் பாருங்க, காதாலயே தெரியும்.”

அதன்பின் ஒவ்வொருவராக வந்து வாயைத் திறந்து காட்ட ஆரம்பித்தார்கள். விசில்கூட வந்து திறந்தார். “சார், நீங்க விசிலை எப்பவும் வலது பக்கம் கடிக்கிறீங்க. இடது பக்கம் மாத்துங்க, பல்லுல பள்ளம் விழுந்திடுச்சு,” என்றாள் அக்கா. படகு மேல்தட்டே சிரித்தது. நான் ஏழு வருடத்தில் எத்தனையோ படகில் ஏறியிருக்கிறேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்காருவேன். அதுதான் பயணம் தெரிந்தவர்கள் உட்காருகிற விதம் என்று நினைத்திருந்தேன். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தேன். யாரும் வந்து என்னை ஒன்றும் கேட்கவில்லை.

முதல் தீவில் ஒரு கலங்கரை விளக்கம். நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படி. அக்கா ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டு ஏறினாள். மேலே போனதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அவள் தலைமுடியைப் பிய்த்தது. கீழே எங்கள் படகு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

“எவ்வளவு பெருசுடி கடல்,” என்றாள்.

நான் “ம்” என்றேன்.

அவள் திரும்பினாள். “சொல்லு.”

“என்னத்த?”

“சொல்ல வந்தத சொல்லு.”

“நான் ஒண்ணும் சொல்ல வரலக்கா.”

“வாய்தான் சொல்லல. மூஞ்சி சொல்லுது.”

உண்மைதான். என் மனதில் இன்னொரு விளக்கம் வந்து நின்றது. இதைப்போல இரண்டு மடங்கு உயரம், கீழே பாறை, பாறையில் கடல்நாய்கள். நான் சொல்லவில்லை. ஆனாலும் அவள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, கொடுத்திருந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் இருபது மீதி இருக்கும்போதே இறங்க ஆரம்பித்தாள். இறங்கும்போது படியை எண்ணவில்லை. அவளுக்காக வருத்தப்பட வேண்டியவள், எனக்காகக் கோபப்பட்டேன். வாயை மூடிக்கொண்டு வந்ததற்கும் தண்டனையா என்று.

இரண்டாம் நாள் காலை, அடுத்த தீவுக்குப் போகும் வழியில் கடல் மாறிவிட்டது. படகு ஏறி ஏறி விழுந்தது. விசில் எல்லோரையும் கீழ்த்தட்டுக்கு வரச் சொல்லி ஆளுக்கொரு காகிதப் பை கொடுத்தார். அக்காவுக்கு மாத்திரை வேலை செய்தது. எனக்குப் பழக்கம். மற்றவர்களில் பாதிப் பேர் பைக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

எங்களுக்கு முன் வரிசையில் ஓர் அம்மா தனியாக வந்திருந்தார். அறுபது தாண்டியவர், குள்ளமான உருவம், கத்தரித்த நரைமுடி. ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே விசில் தன் மைக்கை அவரிடம் கொடுத்து, ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று சொல்ல வைத்தார். எல்லோருக்கும் அந்தக் குரல் தெரிந்திருந்தது. எனக்கே தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அறிவிப்பு அம்மா. இப்போது அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகத் துவண்டு போயிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கடல் அடங்கியது. படகுக்காரப் பெண் ஒருத்தி கையுறை மாட்டிக்கொண்டு பைகளையும் கோப்பைகளையும் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் வாரிக்கொண்டு போனாள். ஜனங்கள் முகம் கழுவிக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். அறிவிப்பு அம்மா மட்டும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, சீட்டுக்கு அடியில் குனிந்து, பைக்குள் கையை விட்டு, மறுபடி குனிந்து எதையோ தேடினார். விசில் என்னவென்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

யாருக்கும் புரியவில்லை. அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, “டிஷ்யூல சுத்தி வச்சீங்களாம்மா?” என்றாள்.

அந்த அம்மா தலையசைத்தார்.

“கோப்பையிலயா?”

மறுபடி தலையசைத்தார்.

“கவலப்படாதீங்க. எங்க கூடத்துக்கு வர்ற அவசர வேலையில பாதி இதுதான். கழட்டி டிஷ்யூல சுத்துவாங்க. யாராவது குப்பைன்னு எடுத்துப் போட்டுடுவாங்க.”

படகின் பின்பக்கம் கறுப்புப் பை கட்டி வைத்திருந்தது. அக்கா அந்தப் பெண்ணிடம் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள். நான் இன்னொரு பையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினைந்து பேர் வாந்தியை அவள் ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றினாள். மூக்கைச் சுளிக்கவில்லை. இருபது நிமிடம் இருக்கும். நசுங்கிய ஒரு கோப்பைக்குள் டிஷ்யூப் பொட்டலம் கிடைத்தது. பிரித்தாள். மேல் வரிசை முழுப் பல் செட். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னை ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். கழுவித் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னக்கா, ஒடைஞ்சிருக்கா?”

“இல்ல.”

“பின்ன?”

அவள் கட்டைவிரலால் முன்பற்களின் பின்பக்கத்தைத் தடவினாள். திருப்பினாள். மறுபடி தடவினாள். “இது என்னுது,” என்றாள்.

“உன்னுதுன்னா?”

“நான் செஞ்சது.”

அவள் காட்டினாள். முன்பல் இரண்டுக்கும் இடது பக்கம் இருக்கிற சின்னப் பல் ஒரு நூல் அளவு திரும்பியிருந்தது. “எல்லாத்தையும் நேரா அடுக்கினா கடையில வாங்கின மாதிரி இருக்கும். இந்த ஒண்ண மட்டும் நான் கொஞ்சம் திருப்பி வைப்பேன். மெழுகு திட்டுவா. வேற யாரும் இப்படி வைக்க மாட்டாங்க.” பிறகு மேலண்ணப் பக்கத்தைக் காட்டினாள். முன்பல்லுக்குப் பின்னால் வழக்கத்தைவிட மெலிதாகத் தேய்த்திருந்தது. “இது மூணு தடவ திரும்பி வந்துச்சு. சீட்டுல, ‘ச’ சொன்னா விசில் அடிக்குதாம், மெலிசாக்கவும்னு எழுதியிருந்துச்சு. மூணு தடவயும் அதேதான். ஒரே ஒரு சத்தத்துக்காக யாரு இப்படிச் சண்ட போடுறாங்கன்னு நெனச்சேன். அறிவிப்பு சொல்றவங்களா.” அவள் சிரித்தாள். சத்தமே இல்லை.

“போய்ச் சொல்லு,” என்றேன்.

“வேண்டாம். நீயும் சொல்லாத.”

“ஏன்?”

“சொல்லாதன்னா சொல்லாத. நான் கொஞ்ச நேரம் பார்க்கணும்.”

பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அறிவிப்பு அம்மா திரும்பி உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, அக்காவின் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். அக்கா எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மா ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். அக்கா பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரிடம் பேசினார், சிரித்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இரண்டாம் தீவு வந்துகொண்டிருந்தது. எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். அக்கா திரும்பவே இல்லை.

நான் எரிமலை வாயில் நின்றபோது என்னை யாராவது பார்த்திருந்தால் என் முகம் இப்படி இருந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். போட்டோ சரியாக வந்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வருடம் நான் தேடிப் போன எதுவோ, ஒரு குப்பைப் பைக்குள் அக்காவுக்குக் கிடைத்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் தீவில் மதியச் சாப்பாடு ஒரு நீளக் கொட்டகையில். எழுந்து வர முடிந்தவர்கள் எல்லோரும் ஒரே மேஜை. காலையில் நடந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. அறிவிப்பு அம்மா வெட்கத்தை விட்டுத் தானே சொல்ல ஆரம்பித்தார்.

“ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கும்போது எனக்குப் பல்லெல்லாம் எடுத்துட்டாங்க. புதுப் பல்லு வச்சுக்கிட்டுப் போய் மைக்ல ‘சற்று நேரத்தில்’னு சொன்னேன் பாருங்க, விசில் அடிக்குது. பிளாட்பாரத்துல வண்டி கிளம்பிடுச்சோன்னு ஒருத்தர் ஓடுறாரு.”

மேஜை குலுங்கச் சிரித்தது.

“எனக்குச் சிரிப்பு வரல. என்ன டிக்கெட் ஜன்னலுக்கு மாத்திட்டாங்க. முப்பது வருஷம் பேசின வாய். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு ‘சற்று, சற்று’ன்னு சொல்லிப் பார்த்து அழுவேன். டாக்டர்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். மூணு தடவ. மூணாவது தடவ வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஓய்வு பெற்ற அன்னிக்குக் கடைசி வண்டிய நான்தான் அறிவிச்சேன். அந்த டாக்டர் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்.”

அக்கா ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். காதோரம் சிவந்திருந்தது. அவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

“டாக்டர் இல்லம்மா,” என்றேன் நான். “இதோ உக்காந்திருக்காளே, இவதான். எங்க அக்கா.”

எல்லோரும் திரும்பினார்கள். என்னைப் பார்த்துத் திரும்பினார்கள். இரண்டு நாளில் முதல் தடவை. நான் ஆரம்பித்தேன். எனக்குக் கதை சொல்ல வரும். குப்பைப் பையில் தொடங்கினேன், தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன், அக்கா கட்டைவிரலால் தடவியதைச் சொன்னேன், திரும்பிய பல்லை எங்கே நிறுத்திச் சொல்ல வேண்டுமோ அங்கே நிறுத்திச் சொன்னேன். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. மூன்று சீட்டும் ஒரே வரியும் என்று முடித்தபோது கைதட்டினார்கள். அறிவிப்பு அம்மா எழுந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என் கன்னத்தைப் பிடித்து, “நல்லவேளை நீ சொன்னே. இல்லன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்,” என்றார். அவரை வாயைத் திறக்கச் சொல்லி எல்லோரும் வந்து அந்தப் பல்லைப் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அக்கா எல்லாப் போட்டோவிலும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“சூப்பரா சொன்னம்மா,” என்றார் பல்லைக் கடிக்கிறவர். எனக்கு அரை மணி நேரம் கால் தரையில் இல்லை.

சாப்பாட்டுக்குப் பின் கடலோரமாக ஒரு நடை. அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். புது ஷூவுக்குள் மணல் போயிருக்க வேண்டும், ஒரு காலை உதறி உதறி நடந்தாள். ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

“கோவமா?”

“இல்ல.”

“நல்ல விஷயம்தானே சொன்னேன். பேரு அந்த டாக்டருக்குப் போகுதேன்னு...”

“நல்லாத்தான் சொன்ன. நான் சொல்லியிருந்தா அவ்வளவு நல்லா வந்திருக்காது.”

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவளே சொன்னாள். “நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். படகு விட்டு இறங்கறதுக்கு முன்னாடி. அவங்ககிட்ட மட்டும். என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள நாலு தடவ சொல்லிப் பார்த்துட்டேன்.”

“சாரிக்கா.”

“உனக்கு ஊரு ஊரா இருந்துச்சு. எனக்கு பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு வாய் கிடைச்சுது. அதையும் நீதான் எல்லாருக்கும் திறந்து காட்டின.”

உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். “அப்படி ஒண்ண நான் எங்கயும் பார்த்ததில்லக்கா. சத்தியமா பார்த்ததில்ல.”

“தெரியும்,” என்றாள். “அதனாலதான் பொறுக்க முடியாம சொல்லிட்ட.”

குனிந்து ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினாள். என் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது, முந்தின நாள் கொட்டகைக்கு வராமல் அறையில் படுத்திருந்த ஒரு தம்பதி என்னிடம் வந்து, என்ன நடந்தது, நீதான் நல்லா சொல்வியாமே என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தித்தான் சொன்னேன். இரண்டு மேஜை தள்ளி அக்கா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாவது தீவில் இருந்ததெல்லாம் ஒரு சின்ன ஊரும் கொஞ்சம் ஆடுகளும். அந்த ஒண்ணேகால் மணி நேரத்தையும் அக்கா அறிவிப்பு அம்மாவோடு கழித்தாள். திரும்பும் படகில் என் சீட்டில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். “இங்கயே உக்காந்துக்கட்டுமா கண்ணு?” என்றார். சரி என்று பின் வரிசைக்குப் போனேன். முன்னால் இரண்டு தலைகள், ஒன்று நரை, ஒன்று பாதி நரை. எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஒரு தடவை அந்த அம்மா வாயைத் திறக்க, அக்கா விரலை நீட்டி எதையோ காட்டினாள். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். நான் முன்னால் சாய்ந்து, “என்ன, என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் அக்கா. ஏழு வருடமாக என்னிடம் ஒன்றையும் மறைக்காதவள் மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

மெழுகாக இருந்தால் அவளுக்குச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததும் காலொடிந்து கிடக்கிற அந்த மனுஷியின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

துறையில் இறங்கியதும் விசில் எல்லோருக்கும் ஒரு படிவம் நீட்டினார். மழைக்காலம் முடிந்ததும் ஆறு நாள், ஐந்து தீவு. பெரும்பாலானவர்கள் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். அக்கா ஒரு தூணில் காகிதத்தை வைத்து அங்கேயே நிரப்ப ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். பெயர், வயது, தொழில். ‘உடன் வருபவர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். நான் என் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள். “அம்மா, உங்க வயசு எத்தன போடணும்?” என்றாள்.

“அறுபத்தெட்டுன்னு போடு. எழுபதுன்னு போட்டா வேண்டாம்னுடுவாங்க,” என்றது ரயில் நிலையக் குரல்.

அக்கா எழுதி முடித்துப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம்.

“வீட்டுல அம்மாகூட அந்த ஆறு நாள் நீ இருப்ப தானே?” என்றாள். “சித்தியால ரெண்டாவது தடவ வர முடியாது.”

அடுத்த மாதமே எங்காவது கிளம்பிவிடலாம் என்று நான் விசாரித்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஒருவேளை தெரிந்திருக்கலாம். “இருக்கேன்,” என்றேன்.

“சும்மா இருக்கேன்னா போதாது. கேட்டுக்கோ. காலையில வெள்ள மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மஞ்சள் சாப்பாட்டுக்கு அப்புறம். மாத்திக் குடுத்தா தலை சுத்தும். குளிக்கப் போனா கதவ உள்ள பூட்ட விடாத. படி ஏறும்போது பின்னாடி நில்லு. இறங்கும்போது முன்னாடி நில்லு. கையைப் பிடிக்காத, பிடிச்சா கோவம் வரும்.”

“இறங்கும்போது?”

“முன்னாடி. அவங்க பார்க்கிற மாதிரி நில்லு. ஆனா திரும்பித் திரும்பிப் பார்க்காத.”

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை நிறத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.